மளிகைக் கடையில் விளைந்த முதல்
தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியின் நினைவாக

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி கோவை மாவட்டம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் பாட்டியார் காலமானார். ரங்கம்மாள் என்ற பெயரும் அவருக்கு உண்டு. ஊருக்கும் உலகத்துக்கும் அவர் பாப்பம்மாள் பாட்டிதான். 1914-இல் பிறந்து, இரண்டு உலகப் போர்களையும் நாட்டின் விடுதலையையும் கண்டு, நூறு வயதைத் தாண்டிய பிறகும் மண்வெட்டியைக் கீழே வைக்காதவர். 2021 குடியரசு தினத்தையொட்டி அறிவிக்கப்பட்ட பத்மஸ்ரீ பட்டியலில் வேளாண்மைக்காக அவர் பெயர் இடம்பெற்றது. இயற்கை விவசாயி என்ற முறையில் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. அது முற்றிலும் தகும்.

ஆனால் வணிகர்களாகிய நாம் மறந்துவிடக் கூடாத செய்தி ஒன்று உண்டு. பாட்டியார் உழுத நிலத்தை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? ஒரு கிராமத்து மளிகைக் கடையின் கல்லாப்பெட்டியிலிருந்து வந்தது. அந்த வகையில் அவர் நம்மவர். வாழ்நாளின் பின்பாதியை விவசாயிகள் பெருமையோடு சொல்லிக்கொள்ளட்டும். முன்பாதியை நினைவுகூர வேண்டியது நமது கடமை.

பாட்டி கொடுத்த கடை

பாப்பம்மாள் பிறந்தது தேவலாபுரம் என்னும் ஊரில். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். அவரையும் சகோதரிகளையும் தேக்கம்பட்டிக்கு அழைத்து வந்து வளர்த்தவர் தந்தை வழிப் பாட்டி. அந்தப் பாட்டி ஊரில் ஒரு மளிகைக் கடை நடத்தி வந்தார். பாட்டிக்குப் பின் கடை பேத்தியின் பொறுப்பில் வந்தது. பாப்பம்மாள் அதோடு ஓர் உணவுக்கடையும் சேர்த்து நடத்தினார்.

இந்த நான்கு வரிச் செய்தியை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். பெண்ணுக்குச் சொத்தின் மீது முழு உரிமை தந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956-இல். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் ஏற்பட்டது 1989-இல். நாடு முழுவதற்கும் அந்த உரிமை விரிந்தது 2005-இல். இவற்றுக்கெல்லாம் வெகு காலம் முன்பே, படிப்பறிவுக்கு வழியில்லாத ஒரு சிற்றூரில், ஒரு பாட்டி தம் தொழிலைப் பேத்தி கையில் ஒப்படைத்திருக்கிறார். தாய் தந்தை இல்லாத பெண் குழந்தைகளுக்கு நகையோ ரொக்கமோ விட்டுப்போயிருந்தால் சில ஆண்டுகளில் கரைந்திருக்கும். நடக்கும் கடையையும் அதை நடத்தும் பழக்கத்தையும் விட்டுப்போனதால் அது ஒரு நூற்றாண்டுக்குச் சோறு போட்டது.

பாப்பம்மாள் பாட்டியைப் பற்றிப் பேசும்போது அந்த முதல் பாட்டியையும் சேர்த்து வணங்கத் தோன்றுகிறது. அவருக்கு விருது இல்லை, புகைப்படம் இல்லை. ஆனால் கணக்கில் முதல் வரவு அவருடையது.

பல்லாங்குழியில் படித்த கணக்கு

அந்த நாளில் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எட்டாத ஒன்று. பல்லாங்குழி போன்ற விளையாட்டுகளில்தான் கணக்குக் கற்றுக்கொண்டோம் என்று பாட்டியார் பேட்டியில் கூறியிருக்கிறார். கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் பல்லாங்குழி ஆடியவர்களுக்குத் தெரியும், அது எண்ணிக்கையும் முன்யோசனையும் கலந்த ஆட்டம். எந்தக் குழியில் எடுத்தால் எந்தக் குழியில் காலியாகும், எதிராளிக்கு எவ்வளவு போகும் என்று மனத்துக்குள்ளேயே போட்டுப் பார்க்க வேண்டும். கொள்முதலுக்குப் புறப்படும் கடைக்காரர் செய்வதும் அதுவேதான்.

அன்றைய கடைக் கணக்கு இன்றுள்ளதைப் போல் எளிதானதல்ல என்பதை மூத்த வணிகர்கள் அறிவார்கள். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. எடையில் பலம், வீசை, மணங்கு. அளவையில் ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால். ஊருக்கு ஊர் படி மாறும். சாமான் வாங்க வருபவர் அரையணாவுக்கு மிளகாயும் காலணாவுக்குக் கடுகும் கேட்பார். அத்தனையும் காகிதம் இல்லாமல் வாய்க்கணக்காக முடிய வேண்டும்.

பிறகு 1957 ஏப்ரல் முதல் தேதியில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கிலோவும் கிராமும் வந்தன. வீசைக்குப் பழகிய கை கிலோவுக்கு மாற வேண்டும். அதைவிடக் கடினம், வீசைக்குப் பழகிய வாடிக்கையாளருக்குக் கிலோவைப் புரியவைப்பது. ஏமாற்றுகிறான் என்ற சந்தேகம் ஒரு முறை எழுந்துவிட்டால் சிற்றூர்க் கடை எழுந்திருக்காது. அந்தத் தலைமுறைக் கடைக்காரர்கள் இந்த மாற்றம் முழுவதையும் கால்குலேட்டர் இல்லாமல், கணினி இல்லாமல், நம்பிக்கை ஒன்றையே முதலாகக் கொண்டு கடந்தார்கள். இன்று ஜி.எஸ்.டி. என்றும், கைப்பேசிப் பணப் பரிமாற்றம் என்றும் நாம் திணறும்போது, நமக்கு முன்னே இதைவிடப் பெரிய ஆற்றை நீந்தியவர்கள் இருந்தார்கள் என்று எண்ணிக்கொள்வது தைரியம் தரும்.

லாபம் நிலமானது

கடையிலும் உணவுக்கடையிலும் மிச்சம் பிடித்ததைக் கொண்டு பாப்பம்மாள் ஊரிலேயே சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார். “சிறுகக் கட்டிப் பெருக வாழ்” என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். மளிகை வியாபாரத்தில் கிடைக்கும் லாபம் மெல்லியது. ஒரு மூட்டை சர்க்கரையில் நிற்பது எவ்வளவு என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எலி, ஈரம், வண்டு, சில்லறைச் சேதாரம், வாராக்கடன் என்று அத்தனையும் போக மிஞ்சுவதே லாபம். அதில் வீட்டுச் செலவும் கழித்து, பத்து ஏக்கர் வாங்குமளவுக்கு ஒரு கிராமக் கடையில் மிச்சம் பிடித்தார் என்றால், அதன் பின்னால் இருந்த கட்டுப்பாட்டை எண்ணிப் பாருங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, லாபத்தை எடுத்தாரே தவிர முதலைத் தொடவில்லை. கடை முதலைக் கொண்டு கல்யாணச் செலவு செய்துவிட்டு, பிறகு வட்டிக்கு வாங்கிச் சரக்குப் போட்டு நொடித்துப்போன கடைகளை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். இரண்டாவது, தனக்குத் தெரிந்த இடத்தில், கண்ணுக்கு எட்டிய மண்ணில் பணத்தைப் போட்டார். அதிக வட்டி என்று விளம்பரம் செய்த நிதி நிறுவனங்களில் 1990-களில் நம் வணிகர்கள் பலர் ஆயுள் சேமிப்பை இழந்ததை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தேக்கம்பட்டி எப்படிப்பட்ட ஊர் என்பது மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்குப் போய்வந்த மொத்த வணிகர்களுக்குத் தெரிந்திருக்கும். நீலகிரி மலையடிவாரம், பக்கத்தில் பவானி ஆறு. வாழையும் பாக்கும் கறிவேப்பிலையும் விளையும் பகுதி. கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் நடந்த இடம் என்றால் மற்றவர்களுக்கும் விளங்கும். அந்த மண்ணில் பாட்டியார் வாழை, பயறு வகைகள், சோளம், காய்கறி என்று பயிரிட்டார். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு நெடுங்காலத் தொடர்பு வைத்திருந்தார். விவசாயிகள் கூடிப் பேசும் விவாதக் குழுவின் அமைப்பாளராகவும் இருந்தார். புதியதைக் கேட்பதற்கு வயது ஒரு தடை என்று அவர் நினைத்ததில்லை. பிற்காலத்தில் நிலம் இரண்டரை ஏக்கராகக் குறைந்தது. அந்த இரண்டரை ஏக்கரில் இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாத சாகுபடியை நூறு வயதுக்கு மேலும் தம் கையாலேயே பார்த்துவந்தார்.

கல்லாவில் இருந்து மன்றத்துக்கு

பாட்டியார் ஊராட்சி உறுப்பினராக இருந்தார். காரமடை ஊராட்சி ஒன்றியத்தின் கவுன்சிலராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993-இல். அதற்கு வெகு காலம் முன்பே, இடஒதுக்கீடு என்ற படிக்கட்டு இல்லாமல், ஊர் மக்கள் அவரை அனுப்பினார்கள்.

எப்படி அனுப்பினார்கள் என்று கடை வைத்திருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். கிராமத்து மளிகைக் கடை என்பது அந்த ஊரின் நாடி பிடித்துப் பார்க்கும் இடம். வழக்கமாக ஒரு படி அரிசி வாங்குபவர் அரைப்படி கேட்டால் அந்த வீட்டில் வேலை இல்லை என்று பொருள். சுக்கும் மிளகும் அதிகம் விற்றால் ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்று பொருள். கடன் நோட்டில் ஒரே தெருவின் பெயர்கள் அடுத்தடுத்து ஏறினால் அந்தப் பக்கம் விளைச்சல் பொய்த்தது என்று பொருள். எந்த அதிகாரிக்கும் தெரியும் முன் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதில்தான் வணிகருக்கும் பொதுத்தொண்டருக்கும் உள்ள தூரம் குறைகிறது. பாப்பம்மாள் பாட்டியாரிடம் அந்தத் தூரம் மிகவும் குறைவு.

அரசியலில் அவர் திராவிட முன்னேற்றக் கழகத்தைச் சேர்ந்தவர். அதை அவர் மறைத்ததே இல்லை. 2024 செப்டம்பரில் அந்தக் கட்சி அவருக்குப் பெரியார் விருது அளித்தது. அதே பாட்டியாரைப் பிரதமர் நரேந்திர மோடி 2021 பிப்ரவரியில் கோவைக்கு வந்தபோது சந்தித்து வணங்கினார். 2023 மார்ச்சில் தில்லியில் நடந்த உலகச் சிறுதானிய மாநாட்டிலும் அவரைக் கௌரவித்தார். தம் கொள்கையை விடாமல் எல்லாத் தரப்பாரின் மரியாதையையும் பெறுவது எளிதல்ல. கடைக்கு எல்லாக் கட்சிக்காரரும் வருவார்கள், எல்லாச் சாதிக்காரரும் வருவார்கள், எல்லோருக்கும் தராசு ஒன்றுதான். அந்தப் பழக்கம் பொதுவாழ்விலும் அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும்.

வேலைதான் மருந்து

நூறு வயதைக் கடந்த ரகசியம் என்ன என்று கேட்காத நிருபர் இல்லை. அவர் சொன்ன பதிலில் ரகசியம் எதுவும் இல்லை. விடியும் முன் எழுவது. வேப்பங்குச்சியால் பல் துலக்குவது. ஆறு மணிக்கெல்லாம் தோட்டத்துக்குப் போய்விடுவது. காபி, தேநீருக்குப் பதில் வெந்நீர். ராகி, கம்பு, சோளம், கீரை. இதையெல்லாம் கேட்டுவிட்டு அவரை விரதக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். ஆட்டுக்கறிப் பிரியாணி அவருக்கு மிகவும் பிடிக்கும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு.

நம் தொழிலுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிவரை ஒரே நாற்காலியில் அமர்ந்து, வேளை தவறிச் சாப்பிட்டு, வாடிக்கையாளருக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று நாளைக்கு எட்டுத் தேநீர் குடிப்பவர்கள் நம்மில் ஏராளம். சர்க்கரை நோயும் முதுகுவலியும் நம் தொழிலின் துணைச் சரக்குகளாகிவிட்டன. நாம் எல்லோரும் மண்வெட்டி எடுக்க முடியாது. மூட்டையை இறக்கும்போது கூட நின்று கைகொடுக்கலாம். பக்கத்துத் தெருவுக்குச் சாமான் கொடுக்க வண்டியை எடுக்காமல் நடக்கலாம். சாப்பாட்டு வேளைக்குச் சாப்பிடலாம்.

பாட்டியார் உண்ட தானியங்களின் கதையும் நம் கதைதான். கம்பும் சோளமும் ராகியும் ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாகக் கடை வாசலில் நின்றன. ரேஷன் அரிசியும் மெருகேற்றிய வெள்ளை அரிசியும் பரவப் பரவ அவை மூலைக்குப் போயின, பிறகு காணாமலும் போயின. இந்தியா முன்மொழிந்து ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின், தினையும் சாமையும் வரகும் குதிரைவாலியும் அழகான பொட்டலங்களில், கூடுதல் விலையில் பெரிய அங்காடிகளின் தட்டுகளில் ஏறிவிட்டன. நம் கடைகளில் அவற்றுக்கு இடம் உண்டா? பெரிய அங்காடியில் பொட்டலம் உண்டு, சொல்லிக் கொடுக்கும் ஆள் இல்லை. கம்பு மாவை அதிக நாள் வைத்தால் காறல் எடுக்கும், அவ்வப்போது அரைத்து வாங்குங்கள் என்று சொல்லும் கடைக்காரரைத் தேடி வாடிக்கையாளர் வருவார். அருகிலுள்ள விவசாயியிடம் நேரடியாக வாங்கினால் அவருக்கும் நல்ல விலை, நமக்கும் நல்ல சரக்கு.

அதே பட்டியலில் இன்னொருவர்

2021-ஆம் ஆண்டின் அதே பத்மஸ்ரீ பட்டியலில் வணிகமும் தொழிலும் என்ற பிரிவில் இன்னொரு மூதாட்டியின் பெயரும் இருந்தது. ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட். 1959 மார்ச்சில் பம்பாய் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்களாகச் சேர்ந்து, 80 ரூபாய் கடனில் மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கியவர்களில் ஒருவர். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். நம்மில் பலருடைய கடைகளில் இன்றும் தொங்குகிற சரக்கு. அங்கே அடுக்களைக் கைத்திறன் முதலானது, இங்கே பாட்டி விட்டுப்போன கடை முதலானது. இரண்டிலும் சிறு முதலை வீணாக்காத பெண்களின் கை இருந்தது.

நம் கடைகளில் உள்ள பாட்டிமார்கள்

பாப்பம்மாள் பாட்டியாரைப் போற்றிவிட்டு நம் வீட்டுப் பாட்டிமார்களை மறந்தால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை. நம் தெருக்களில் எத்தனை கடைகள், மதியம் முதலாளி உண்டு உறங்கும் நேரத்தில் தாயாராலும் மாமியாராலும் நடத்தப்படுகின்றன! புளியில் கொட்டை எடுப்பது, மிளகாயில் காம்பு கிள்ளுவது, பருப்பில் கல் பொறுக்குவது, பொட்டலம் மடிப்பது, கடன்காரரிடம் நயமாகக் கேட்டு வாங்குவது, இவற்றை எல்லாம் செய்பவர்கள் அவர்கள். ஆனால் கடையின் பெயர்ப் பலகையிலும் இல்லை, உரிமத்திலும் இல்லை, சங்க உறுப்பினர் பட்டியலிலும் இல்லை.

இது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, தொழிலுக்கே ஆபத்து. கடை உரிமையாளர் திடீரென்று மறைந்தால் என்ன நடக்கிறது? ஜி.எஸ்.டி. பதிவு அவருடைய பான் எண்ணில் இருக்கும், அது அப்படியே மனைவிக்கு மாறாது. வாரிசு புதிய பதிவு பெற்று, வரி வரவை முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் வாரிசுக்குத் தற்காலிகமாகத் தொண்ணூறு நாட்களுக்குச் செல்லும், அதற்குள் முறைப்படுத்த வேண்டும். வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் இல்லாவிட்டால் கொள்முதல் பணம் முடங்கும். கணக்கு எங்கே இருக்கிறது, யார் எவ்வளவு தர வேண்டும் என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததால், நன்றாக நடந்த கடைகள் துக்க வீட்டின் பதினாறாம் நாளுக்குள் சரக்கோடு விலைபோனதுண்டு. தேக்கம்பட்டிப் பாட்டி தம் பேத்திக்குத் தொழிலைக் கற்றுக் கொடுத்துவிட்டே போனார். நாம் அதைச் செய்திருக்கிறோமா?

எனவே உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்கச் சில கோரிக்கைகள்:

ஒன்று: கடையில் உழைக்கும் தாயார், மனைவி, மகள் ஆகியோருக்குக் கொள்முதல் விலையும் நிலுவைக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். மாதம் ஒரு நாள் பேரேட்டை அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு: வங்கிக் கணக்கு, காப்பீடு ஆகியவற்றில் நியமனதாரர் பெயரை இன்றே சரிபாருங்கள். 1989-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தில் உறுப்பினர் ஆகாதவர்கள் ஆகுங்கள். கடை பெண் பெயரில் இருந்தால் அவரே உறுப்பினர் ஆகட்டும்.

மூன்று: மகன் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டான், கடையை யார் பார்ப்பது என்று புலம்புபவர்கள், விருப்பமுள்ள மகளையோ பேத்தியையோ கல்லாவில் உட்கார வைத்துப் பாருங்கள்.

நான்கு: மே 5 வணிகர் தினத்தில் மூத்த வணிகர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். வரும் ஆண்டு முதல் ஒவ்வொரு கிளையிலும், நாற்பது ஐம்பது ஆண்டுகள் கடையில் உழைத்த ஒரு மூதாட்டியையாவது மேடைக்கு அழைப்போம். அவர் பேச மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். பெயரைச் சொல்லி, கடையின் பெயரைச் சொல்லி, எத்தனை ஆண்டு உழைத்தார் என்று சொன்னால் போதும்.

பாப்பம்மாள் பாட்டியார் விட்டுப்போனது இரண்டரை ஏக்கர் நிலமும் ஒரு பத்மஸ்ரீப் பதக்கமும் மட்டுமல்ல. ஆதரவற்று நின்ற ஒரு பெண் குழந்தைக்கு ஒரு சின்ன மளிகைக் கடை என்னவெல்லாம் செய்து தர முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. சில்லறைக் கடைகளின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு நாம் சொல்லும் பதில்களில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும். அந்த மூதாட்டிக்கு வணிகப் பெருமக்கள் சார்பில் நமது அஞ்சலி.